ஏர் ரைபிள் ஸ்கோப்பும் குறியும்: வடசென்னை நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை தொடங்கி மாதவரம் வரை, ஏர் ரைபிளும், அதன் மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே 4.5 மி.மீ. குழல் கொண்ட, கடையில் 'புள்ளி 177' என்று சொல்லும் ரைபிளைப் பற்றியவை. பொறுமை இல்லாதவர்கள் "அஞ்சு குண்டும் அஞ்சு இடத்துல விழுது" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள். பெரும்பாலானவர்களின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

குறி செட் பண்ணும்போது உண்மையில் என்ன மாறுகிறது?

ஸ்கோப், குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கண் பார்க்கும் கோடு நேர்கோடு. பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டின், பாதை வளைவு. குழலை விட்ட நொடியிலிருந்தே அது, குழல் நோக்கும் கோட்டிலிருந்து இறங்கத் தொடங்கிவிடும். இந்த இரண்டும் நீங்கள் தேர்ந்தெடுத்த தூரத்தில் சந்திக்கும்படி, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகளான கிராஸ்ஹேரை நகர்த்துவதுதான், ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுக் குமிழான டரட்டின் வேலை.

அதனால் ஒன்றை மனதில் வையுங்கள். குண்டுகள் கூட்டமாக ஓரிடத்தில் விழுந்தால், அந்தக் கூட்டத்தை அப்படியே எடுத்து நடுப்புள்ளியில் வைக்க ஸ்கோப்பால் முடியும். சிதறிப் போகும் குண்டுகளைச் சேர்த்து வைக்க எந்த விலை ஸ்கோப்பாலும் முடியாது. கூட்டம் சேர்ந்த பிறகுதான் டரட்டில் கை வைக்க வேண்டும்.

லைசென்ஸ் வேணுமா அண்ணா?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இரண்டுக்கும் உட்பட்டதற்கு வேண்டாம். ஆனால் உரிமம் பெற்ற கடையில், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். வெளியே எடுத்துப் போகும்போது உறைக்குள், குண்டு போடாமல், பில் நகலோடு இருக்கட்டும். ஸ்பிரிங்கை மாற்றி 'பவர் ஏத்தித் தரேன்' என்பவர்களிடம் போகாதீர்கள். 20 ஜூல் அளவைத் தாண்டினால் சட்டச் சிக்கல், தாண்டாவிட்டாலும் குறி கெடும்.

எங்க வீட்டு மொட்டை மாடி 12 மீட்டர் இருக்கு. அங்க செட் பண்ணலாமா?

நம் பகுதியில் மாடியோடு மாடி ஒட்டி நிற்கிறது. கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ உங்கள் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் ஒருவர் பந்தயப் புறாக்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பார். மேல்நோக்கித் தவறிப் போன ஒரு பெல்லட் சில நூறு மீட்டர் போய் விழும். பக்கத்தில் என்றால் கண்ணைப் பறிக்கும் வேகம் அதற்கு உண்டு. அதனால் திறந்த மாடியில் சுடாதீர்கள் என்பதே என் பதில்.

வீட்டுக்குள் நீளமான நடை இருந்து, மறுமுனையில் கதவோ ஜன்னலோ இல்லாமல் முழுச் சுவர் இருந்தால் 10 மீட்டர் வரை சுடலாம். அப்போதும் சுவர் மேல் நேரடியாகக் குண்டு படக்கூடாது. ஈயக் குண்டு காங்கிரீட்டில் பட்டால் திரும்பி வரும். ஒரு மரப்பெட்டிக்குள் பழைய துணியை அழுத்தி அடைத்து, பின்புறம் கனமான இரும்புத் தகடு வைத்துப் பிடிப்பான் செய்துகொள்ளலாம். செய்தித்தாள் கட்டு போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஒரே இடத்தில் நூறு குண்டு பட்டால் கட்டு ஓட்டையாகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். சுடுபவரும் கூட இருப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். முடிந்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள், ஏனென்றால் பெல்லட் ஈயம்.

20 மீட்டர் வேண்டும் என்றால் கிளப் ரேஞ்சுக்குப் போவதே சரி. செங்குன்றம், மீஞ்சூர் தாண்டி உறவினர் தோப்பு இருப்பவர்கள், பின்னால் உயரமான மண் கரை இருக்கும் இடமாகப் பார்த்து, உரிமையாளர் அனுமதியோடு சுடலாம்.

காக்கா, புறா, அணில், தெருநாய் எதன் மேலும் குறி வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. சட்டம் இருக்கட்டும், காகிதத்தில் குறி பழகுகிறவருக்கு உயிருள்ள எதையும் சுட வேண்டிய தேவையே இல்லை.

பையன் போட்டிக்குப் போகணும்னு ஆசைப்படுறான். ஸ்கோப் வெச்சே பழகலாமா?

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப் கிடையாது. சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட் மட்டுமே. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் அப்படித்தான். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்கான நடு வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். போட்டிதான் நோக்கம் என்றால் பையனை முதல் நாளிலிருந்தே கிளப் பயிற்சியாளரிடம் விடுங்கள். கீழே இருப்பது ஸ்கோப் வைத்து ஆர்வத்துக்குச் சுடுபவர்களுக்கானது.

பெரிய துப்பாக்கிக்கான விலை உயர்ந்த ஸ்கோப் மாட்டினேன், ஒரு மாசத்துல கிராஸ்ஹேர் ஆடுது. ஏன்?

உங்களுடையது ஸ்பிரிங் ரைபிள்தானே? ட்ரிகரை அழுத்தியதும் உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முனையில் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுபடுகிறது. இப்படி இரண்டு பக்க அடி. வெடிமருந்துத் துப்பாக்கி ஸ்கோப்புகள் பின்னோக்கிய உதையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை, முன்னோக்கி வரும் இழுப்பில் உள்ளே இருக்கும் லென்ஸும் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும். வாங்கும்போதே 'ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காற்று அடைத்துவைக்கும் பி.சி.பி. ரைபிளில் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் பாருங்கள்: பாரலாக்ஸ். கண் நகர்ந்தால் கிராஸ்ஹேரும் இலக்கின் மேல் நகர்வது போலத் தெரிவதுதான் அது. பல ஸ்கோப்புகளில் அது 100 கெஜத்தில் மட்டும் வராதபடி நிலையாக வைக்கப்பட்டிருக்கும். 10, 20 மீட்டரில் தலையைச் சற்று நகர்த்தினாலே கிராஸ்ஹேர் இலக்கின் மேல் நகரும். குறி தப்புவதற்கு அதுவே போதும். முன் லென்ஸைச் சுற்றி 10 கெஜம் வரை இறக்கும் வசதி உள்ள ஸ்கோப் வாங்குங்கள். முடியாதவர்கள் கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் அதே இடத்தில் பதித்துப் பழக வேண்டும்.

ஸ்கோப்பை நானே மாட்டலாமா?

தாராளமாக. ரைபிளின் மேலே இருக்கும் தண்டவாளம் பெரும்பாலும் 11 மி.மீ. அகலம். அதற்கேற்ற மவுண்ட் (ஸ்கோப்பை ரிங்குகளால் பிடித்து ரைபிளோடு இணைக்கும் தாங்கி) வாங்குங்கள், அகலமான பிகாடினி மவுண்ட் இதில் பிடிக்காது. தண்டவாளத்திலும் ரிங்கிலும் இருக்கும் எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மவுண்ட்டில் ஸ்டாப் பின் இருந்தால் அது தண்டவாளத்தில் இருக்கும் குழிக்குள் இறங்க வேண்டும். அது இல்லாமல் ஸ்பிரிங் ரைபிளில் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துவிடும்.

கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னம் இயல்பாக உட்கார்ந்ததும் கண் திறந்து பாருங்கள். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே பெரும்பாலும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரும்.

அடுத்தது நிமிர்வு. எதிர்ச் சுவரில் ஒரு கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். ரைபிளின் மேல் ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, கிராஸ்ஹேரின் நெட்டைக்கோடு அந்த நூலோடு ஒன்றும்படி ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இது சாய்ந்திருந்தால் செட் பண்ணிய தூரத்தில் ஒன்றும் தெரியாது; தூரம் மாறும்போது குண்டு இடமோ வலமோ போகும், காரணமே புரியாது. பிறகு ரிங் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். வெறித்தனமாக முடுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும்.

எந்த பெல்லட் நல்லது?

உங்கள் குழல்தான் சொல்ல வேண்டும். 7 முதல் 8.5 கிரெய்ன் எடைக்குள், உருண்டைத் தலை பெல்லட்டில் இரண்டு மூன்று வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். எது கூட்டமாக விழுகிறதோ அதுவே உங்களுடையது. கூர்முனை பெல்லட் பார்க்க அழகு, துல்லியத்தில் பெரும்பாலும் பின்தங்கும். தட்டைத் தலை 10 மீட்டரில் காகிதத்தைச் சுத்தமாக வட்டமாக வெட்டும், தூரம் கூடினால் தடுமாறும். டின்னில் பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கிய குண்டுகள் இருந்தால் பொறுக்கி எறியுங்கள். எந்த வகை முடிவானாலும் அதிலேயே நில்லுங்கள். பெல்லட்டை மாற்றினால் குறியை மறுபடி செட் பண்ண வேண்டும்.

அஞ்சு குண்டும் அஞ்சு இடத்துல விழுது. ஸ்கோப் டூப்ளிகேட்டா?

ஸ்கோப்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கட்டையையும் இயந்திரத்தையும் இணைக்கும் திருகுகள். ஸ்பிரிங் ரைபிளின் அதிர்வில் இவை தானாகவே தளரும். கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவர் கொண்டுவந்த காகிதத்தில் ஓட்டைகள் நெட்டாக, மேலிருந்து கீழே ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டது போலக் கிடந்தன. முன்கட்டையின் இடப்பக்கத் திருகில் ஆலன் கீயை வைத்தால் அரைச் சுற்று சுற்றியது. அதை முடுக்கி, மற்ற திருகுகளையும் பார்த்துவிட்டு, அதே பெல்லட்டில் சுட்டார். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. டரட்டைத் தொடவே இல்லை.

அடுத்தது பிடி. ஸ்பிரிங் ரைபிளை இறுகப் பிடிக்கக்கூடாது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் உதைக்கத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இறுக்கத்தில் பிடித்தால், அது ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் துள்ளும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் கிடத்துங்கள், விரல்கள் சுற்ற வேண்டாம். தோளில் லேசாகத் தொட்டால் போதும். உள்ளங்கை இருக்கும் இடத்தை ஒரு சாக்பீஸ் கோட்டால் குறித்து, ஒவ்வொரு குண்டுக்கும் அங்கேயே வையுங்கள். மேஜை விளிம்பிலோ செங்கல் மேலோ ரைபிளை நேரடியாக வைத்துச் சுட்டால் குண்டு மேலே தாவும். மணல் பை வைத்து, அதன் மேல் கை, கை மேல் ரைபிள் என்று வையுங்கள். பி.சி.பி. வைத்திருப்பவர்கள் நேரடியாகப் பை மேலேயே வைக்கலாம்.

மூன்றாவது, புது ரைபிள். உள்ளே இருக்கும் எண்ணெய், அழுத்தக் காற்றின் சூட்டில் பற்றிக்கொள்ளும். புகையும், சத்தம் 'டப்' என்று பெரிதாகக் கேட்கும், அந்தக் குண்டு மட்டும் எங்கோ போகும். முதல் டின் பெல்லட் முழுவதையும் இதற்கென ஒதுக்கிவிடுங்கள், அது தீரும்வரை குறி செட் பண்ண உட்காராதீர்கள். ரைபிள் சீக்கிரம் பழகட்டும் என்று பெல்லட் இல்லாமல் வெறுமனே அழுத்தாதீர்கள். காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் மோதும்.

நான்காவது, ட்ரிகரை அழுத்திய உடனே தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம். காகிதத்தில் ஓட்டை விழுவதை ஸ்கோப் வழியாகவே பார்க்கும்வரை அசையாதீர்கள்.

இத்தனையும் சரியான பிறகு, 20 மீட்டரில் ஐந்து குண்டு இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் புதியவருக்கு நல்ல கூட்டம். அதன் பிறகும் சிதறினால் வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சோதியுங்கள், அல்லது ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ரைபிளிலேயே இருக்கும் இரும்புக் குறியில் சுட்டுப் பாருங்கள்.

கூட்டம் சேர்ந்தாச்சு. எத்தனை கிளிக் திருப்பணும்?

கணக்கு எளிது. பெரும்பாலான ஸ்கோப்பில் டரட்டின் மேல் 'ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ.' என்றோ '100 கெஜத்தில் கால் அங்குலம்' என்றோ எழுதியிருக்கும். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம். ஒரு கிளிக், குண்டு படும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7.3 மி.மீ. நகர்த்தும். 20 மீட்டரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.45 மி.மீ. 10 மீட்டரில் 0.73 மி.மீ.

ஐந்து ஓட்டைகளின் நடு எங்கே என்று பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். 20 மீட்டரில் சுட்டு, அந்தப் புள்ளி குறிக்கு 29 மி.மீ. கீழே, 12 மி.மீ. இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 29ஐ 1.45ஆல் வகுத்தால் 20 கிளிக் மேலே. 12ஐ வகுத்தால் சுமார் 8 கிளிக் வலம். டரட்டில் இருக்கும் அம்புக்குறி, குண்டு எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டுகிறது. மேலே போக வேண்டும் என்றால் மேல் அம்புப் பக்கமே திருப்புங்கள், மனதுக்குள் தலைகீழாக யோசிக்க வேண்டாம்.

திருப்பியதும் இரண்டு குண்டு சும்மா சுட்டுவிடுங்கள். விலை குறைந்த ஸ்கோப்பில் கிராஸ்ஹேர் அதிர்ந்த பிறகுதான் புது இடத்தில் உட்காரும். பிறகு ஐந்து குண்டு, மறுபடி அளவு. ஒரு குண்டைப் பார்த்து ஒரு கிளிக், அடுத்த குண்டைப் பார்த்து இன்னொரு கிளிக் என்று துரத்தினால் டின் காலியாகும், குறி வராது.

குண்டு காகிதத்திலேயே படவில்லையா? 5 மீட்டருக்கு வந்து ஒரு குண்டு சுடுங்கள். அங்கே இடம் வலம் சரியாகவும், உயரத்தில் குறிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயும் விழும்படி வைத்தால், 20 மீட்டரில் கட்டாயம் காகிதத்துக்குள் இருக்கும்.

10 மீட்டர்ல செட் பண்ணணுமா, 20லயா?

பத்திலேயே எப்போதும் சுடுவீர்கள் என்றால் பத்தில் செட் பண்ணி விட்டுவிடுங்கள். தூரம் மாற்றிச் சுடுபவர்களுக்கு 20 நல்லது.

பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, ஸ்கோப் குழலுக்கு மேலே 45 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 20 மீட்டரில் செட் பண்ணிய ரைபிள் 15 மீட்டரிலும் ஏறக்குறைய நடுவிலேயே அடிக்கும். 10 மீட்டரில் சுமார் 8 மி.மீ. கீழே, 25 மீட்டரிலும் சுமார் 8 மி.மீ. கீழே. பார்வைக் கோட்டை பெல்லட் இரண்டு முறை கடக்கிறது, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அதனால் 10 முதல் 25 மீட்டர் வரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசமே வராது. அதே ரைபிளை 10 மீட்டரில் செட் பண்ணினால் 20 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து அடிக்கும்.

உங்கள் ரைபிளின் வேகம் வேறாக இருக்கும், எண்களும் கொஞ்சம் மாறும். ஐந்தைந்து மீட்டராகத் தள்ளி வைத்துச் சுட்டு, எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு அட்டையில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

டரட் கடைசி வரைக்கும் திருப்பிட்டேன், இன்னும் கீழேயே அடிக்குது.

குழலை மடக்கிக் குண்டு போடும் ரைபிள்களில் குழல் சற்றுத் தலை கவிழ்ந்திருப்பது சகஜம். டரட்டை எல்லை வரை கொண்டுபோனால் உள் ஸ்பிரிங் தன் பிடியை இழக்கும், குறி நிலைக்காது. டரட்டை மொத்த கிளிக்கில் பாதிக்குத் திருப்பிவந்து, பின் ரிங்கின் அடியில் பழைய கேமரா ஃபிலிம் துண்டு ஒன்றோ இரண்டோ வையுங்கள். ஸ்கோப்பின் வால் உயர்ந்தால் குண்டும் உயரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் இதற்கென்றே சாய்த்துச் செய்யப்பட்ட மவுண்ட் வாங்குங்கள்; ஃபிலிமை அடுக்கிக்கொண்டே போனால் குழாய் வளையும்.

காத்து எவ்வளவு தள்ளும்?

நினைப்பதைவிட அதிகம். கடற்காற்று மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் குறுக்கே அடித்தால், 20 மீட்டரில் பெல்லட் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். நமக்குக் கடல் கிழக்கே. வடக்கு பார்த்துச் சுட்டால் மதியக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளும். மதியம் செட் பண்ணிவிட்டு மறுநாள் காலையில் சுட்டு 'ஸ்கோப் நகர்ந்துவிட்டது' என்று சொல்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். வெயில் காலத்தில் கடற்காற்று எழும்புவதற்கு முன், விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

கடலோரம் வீடு. துரு பிடிக்குது, அதனால குறி மாறுமா?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்று இரும்பை விடாது. ஒவ்வொரு முறையும் கை பட்ட இடங்களைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். காற்று வரும் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள். புகையும், குண்டு தாவும். துணி உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பீரோவில், சிலிக்கா ஜெல் பையோடு, குண்டு இல்லாமல், ஸ்பிரிங் தளர்ந்த நிலையில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து எடுக்கும்போது முதலில் திருகுகள், பிறகு குழலைச் சுத்தம் செய்ய ஐந்தாறு குண்டு, அதற்கும் பிறகு குறிக்கான ஐந்து குண்டு. மரக்கட்டையாக இருந்தால் மழை ஈரத்தில் உப்பியிருக்கும், இரண்டு மூன்று கிளிக் மாற வேண்டியிருக்கலாம்.